வீட்டு நாய் குழந்தையைக் கடித்தால் பொறுப்பு யாருக்கு?

வளர்ப்பு நாய் ஒன்று குழந்தையைக் கடித்துவிட்டால், ரத்தம் நிற்பதற்கு முன்னால் தெருவில் பேச்சு ஆரம்பித்துவிடும். "குழந்தை என்ன பண்ணுச்சு, வாலைப் பிடிச்சு இழுத்துச்சா?" என்பார் ஒருவர். "எங்க டாமி இதுவரைக்கும் யாரையும் தொட்டதில்லக்கா" என்பார் நாய் வீட்டுக்காரர். பெற்றவர்கள் எங்கே போயிருந்தார்கள் என்று ஒரு குரல், அந்த ஜாதி நாயே அப்படித்தான் என்று இன்னொரு குரல், கடைசியில் "நாங்க என்ன வேணும்னா கடிக்க விட்டோம்?" என்று ஒரு கேள்வி வரும், அதோடு எல்லாரும் அமைதியாகிவிடுவார்கள். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே பேச்சுதான்.

இந்தப் பேச்சில் கேட்க வேண்டிய கேள்வி மட்டும் வராது. அந்த நேரத்தில் நாய் யார் பொறுப்பில் இருந்தது, அவர் என்ன ஏற்பாடு செய்து வைத்திருந்தார்? இதைக் கேட்காமல் மற்றதை எல்லாம் பேசுவதால்தான் அடிபட்ட குழந்தையின் குடும்பமே மருத்துவச் செலவைச் சுமக்கிறது, அதே நாய் அதே உடைந்த கேட்டுக்குப் பின்னால் நிற்கிறது. அதனால் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது, நாயின் பக்கம் என்ன நடக்கிறது என்று முதலில் இருந்து பார்த்துவிடலாம். வக்கீல் பாஷை வேண்டாம், தேவையான நாலைந்து சொற்கள் மட்டும் போதும்.

மாடு விடும் விழாவில் யாரைக் கேட்கிறோம்?

பொங்கல் முடிந்ததும் நம்ம பக்கத்தில் ஊர் ஊராக மாடு விடும் விழா நடக்கும். தெருவின் இரண்டு பக்கமும் கட்டைகளை நட்டுத் தடுப்புக் கட்டி, நடுவில் மாட்டை ஓட விடுவார்கள். ஒரு மாடு தடுப்பைத் தாண்டிக் கூட்டத்துக்குள் பாய்ந்து ஒரு பையனை முட்டித் தள்ளிவிட்டது என்று வையுங்கள். தடுப்பு எவ்வளவு உயரம், ஒற்றை வரிசையா இரட்டை வரிசையா, விழாக்குழுவில் யார் பொறுப்பு, மாட்டைப் பிடித்து வந்தது யார் என்றுதான் விசாரணை போகும். "மாடு வேணும்னு முட்டலைங்க" என்று யாராவது சொன்னால் அதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மாடு முட்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், தெரிந்ததால்தானே தடுப்பே கட்டினோம்.

நாய்க்கும் இதேதான். பல் இருக்கிற பிராணி கடிக்கக்கூடும் என்பது வளர்க்கிற ஒவ்வொருவருக்கும் தெரிந்த விஷயம். கட்டை நட வேண்டியவர் நட்டாரா என்பதுதான் கேள்வி.

நாய் யார் வசம் இருந்தது?

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதற்கு 289-வது பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, அதில் இது 291-வது பிரிவு. அது சொல்வது இவ்வளவுதான்: உங்கள் வசம் இருக்கும் ஒரு விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ, கொடுங்காயமோ ஏற்பட வாய்ப்பு இருக்கும்போது, அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டை நீங்கள் தெரிந்தே செய்யாமல் விட்டாலும் கவனக்குறைவால் செய்யாமல் விட்டாலும் அது குற்றம். 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் அபராதம் 1,000 ரூபாய்தான்.

இதில் மூன்று சொற்களைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வசம் என்றால் அந்த நேரத்தில் நாயைக் கட்டவும் அவிழ்க்கவும் உள்ளே விடவும் முடிகிற நிலையில் இருப்பது. ரசீது யார் பெயரில் என்பது இரண்டாவது. நம்ம ஊரில் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் பெங்களூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கிற பிள்ளைகள் ஆசைப்பட்டு ஒரு லாப்ரடாரையோ ஜெர்மன் ஷெப்பர்டையோ வாங்கிவிட்டு, ஃபிளாட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் குடியாத்தத்திலோ திருவலத்திலோ இருக்கிற அப்பா அம்மாவிடம் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். முப்பது கிலோ நாய், எழுபது வயது தாத்தா. அது கேட்டைத் தள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடித்தால் முதலில் பதில் சொல்ல வேண்டி வருவது தாத்தாதான். "என் பையனோட நாய் சார்" என்று சொல்லி அவர் ஒதுங்கிவிட முடியாது. அவரால் அடக்க முடியாத நாயை அவரிடம் விட்டுவிட்டுப் போன பையனையும், இழப்பீடு என்று வரும்போது, கேள்வி கேட்க முடியும். பாசத்தோடு செய்கிற காரியம்தான், ஆனால் வயதானவர்கள் தலையில் எவ்வளவு பெரிய பாரத்தை வைக்கிறோம் என்பதைப் பிள்ளைகள் யோசிக்க வேண்டும்.

கவனக்குறைவு என்றால் சாதாரண நிதானம் உள்ள ஒருவர் எடுத்திருக்கக்கூடிய முன்னெச்சரிக்கையை எடுக்காமல் விடுவது. வேண்டுமென்றே செய்தாரா என்ற கேள்வி இதில் கிடையாது. கேட்டின் தாழ்ப்பாள் ஒரு மாதமாக உடைந்து கிடந்தது, கயிற்றால் சுற்றி வைத்திருந்தார்கள், நாய் முட்டினால் அவிழ்ந்துவிடும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவ்வளவு போதும்.

கொடுங்காயம் என்றால் சட்டமே பட்டியல் போட்டு வைத்திருக்கிற பெரிய காயங்கள்: எலும்பு முறிவு, கண் பார்வை நிரந்தரமாகப் போவது, 15 நாள் கடும் வலியில் கிடப்பது என்று போகிறது அந்தப் பட்டியல். அதில் தலையிலோ முகத்திலோ நிரந்தர வடு விழுவதும் உண்டு. மூன்று வயதுக் குழந்தையை ஒரு பெரிய நாயின் பக்கத்தில் நிற்க வைத்துப் பார்த்தால் இதன் அர்த்தம் புரியும். குழந்தையின் கன்னமும் நாயின் வாயும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும். பெரியவர்களுக்குக் காலிலோ கையிலோ விழுகிற கடி, குழந்தைக்கு முகத்தில் விழுகிறது.

காயத்தின் அளவைப் பொறுத்து அதே புதுச் சட்டத்தின் வேறு பிரிவுகளும் சேரும். கவனக்குறைவான செயலால் கொடுங்காயம் ஏற்பட்டால் 125-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, உயிரே போய்விட்டால் 106-வது பிரிவின்படி 5 ஆண்டு வரை. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியது நினைவிருக்கும், பூங்காக் காவலாளியின் மகள் அவள். நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அப்போது பழைய சட்டம் நடைமுறையில் இருந்ததால் அந்த 289-வது பிரிவும் வழக்கில் சேர்ந்தது.

இதுவரை பார்த்தது: நாய் யார் வசம் இருந்ததோ அவரைத்தான் சட்டம் முதலில் பார்க்கும். அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததா என்று தேடாது, போதுமான ஏற்பாடு செய்தாரா என்றுதான் தேடும்.

தண்டனை ஒரு பக்கம், இழப்பீடு ஒரு பக்கம்

இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நிறையக் குடும்பங்கள் ஏமாந்து போகின்றன. போலீஸ் வழக்கு அரசுக்கும் நாயை வைத்திருந்தவருக்கும் நடுவில் நடப்பது, அதில் வருகிற அபராதம் அரசுக்குப் போகும் பணம். அதிலிருந்து பாதிக்கப்பட்டவருக்கு ஒரு பங்கு தரச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம், ஆனால் 5,000 ரூபாய் அபராதத்தில் எவ்வளவு வந்துவிடும்?

இழப்பீடு என்பது குழந்தைக்கு ஏற்பட்ட நஷ்டத்தைப் பணமாகக் கணக்கிட்டு ஈடு செய்வது. அதற்கு சிவில் வழக்குத் தனியாகப் போட வேண்டும். இதில் நிரூபிக்க வேண்டிய அளவும் குறைவு. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், சிவில் வழக்கில் இப்படித்தான் நடந்திருக்கும் என்பதற்குச் சாத்தியம் அதிகம் என்று காட்டினால் போதும். அதனால் குற்ற வழக்கில் விடுதலை ஆனவர் கூட இழப்பீடு கொடுக்க வேண்டி வரலாம்.

கணக்கில் என்னவெல்லாம் வரும்? ஆஸ்பத்திரி பில், மருந்து, குழந்தையோடு இருக்க அம்மாவோ அப்பாவோ வேலைக்குப் போகாமல் விட்ட கூலி, குழந்தை பட்ட வலி, முகத்தில் தங்கிவிடும் வடு. வடு விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். குழந்தையின் முகம் வளர்கிற முகம், இன்று போட்ட தையல் நாலு வருஷம் கழித்து இழுத்துப் பிடிக்கலாம், மறுபடியும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். தெருவில் நாலு பெரியவர்கள் உட்கார்ந்து "ஊசி செலவுக்கு இந்தப் பத்தாயிரத்தை வெச்சுக்கோ, கையெழுத்துப் போடு" என்று முடித்து வைக்கும் கணக்கில் இதெல்லாம் வராது. குழந்தையின் பெயரில் வழக்கு நடக்கும்போது பெற்றவர்களே சமாதானம் பேசி முடிக்க நினைத்தாலும் நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பணம் குழந்தையுடையது. சட்டமே அவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கும்போது நாம் வெள்ளைத்தாளில் அவசரப்பட வேண்டாம்.

"முதல் தடவைதானே", "போர்டு மாட்டியிருக்கோமே"

முதல் கடிக்குப் பொறுப்பு கிடையாது என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இது முழுப் பொய்யும் இல்லை, பழைய ஆங்கிலேயச் சட்டத்தின் ஒரு துண்டு. சிங்கம், கரடி போன்றவற்றை வைத்திருப்பவர் எப்போதும் பொறுப்பு, நாய் போன்ற பழகிய பிராணியை வைத்திருப்பவர் அதன் கெட்ட குணம் முன்பே தெரிந்திருந்தால் பொறுப்பு என்று அது பிரித்தது. இப்படி முன்பே தெரிந்திருப்பதை முன்னறிவு என்று சொல்லலாம். முன்னறிவு இருந்தால் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் பொறுப்பு வரும். முன்னறிவு இல்லையென்றால் என்ன ஆகும்? மேலே பார்த்த கவனக்குறைவு அப்படியே இருக்கிறது, அதன்படி முதல் கடிக்கும் பதில் சொல்ல வேண்டும். மக்கள் முதல் பாதியை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டார்கள்.

முன்னறிவுக்குக் கடித்த வரலாறு வேண்டும் என்றும் இல்லை. பால்காரரைப் பார்த்துப் பாய்ந்திருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் துரத்தியிருக்கிறது, பக்கத்து வீட்டு அக்கா இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனார் என்றால் அதுவே போதும்.

நாய்கள் ஜாக்கிரதை போர்டும் அப்படித்தான். அது எச்சரிக்கை, அவ்வளவுதான், அதை மாட்டிவிட்டால் நாயைக் கட்ட வேண்டியதில்லை என்று அர்த்தம் கிடையாது. படிக்கத் தெரியாத நாலு வயதுக் குழந்தைக்கு அந்தப் போர்டு எதையும் சொல்லவில்லை, ஆனால் நாய் ஆபத்தானது என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தது என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

குழந்தை மேல் பழி போடலாமா?

போட முடியாது. 7 வயதுக்குக் கீழே உள்ள குழந்தை எதைச் செய்தாலும் அது குற்றமாகாது என்று குற்றச் சட்டமே சொல்கிறது. இழப்பீட்டில் பங்களிப்புக் கவனக்குறைவு என்று ஒன்று உண்டு, அதாவது அடிபட்டவரே தன் அஜாக்கிரதையால் விபத்துக்கு ஓரளவு காரணமாக இருந்தால் தொகையில் குறைப்பார்கள். நன்றாக வளர்ந்த ஆள் போதையில் போய் நாயைக் கல்லால் அடித்தால் இது பொருந்தும். சின்னக் குழந்தையிடம் பெரியவர்களின் நிதானத்தை நீதிமன்றங்கள் எதிர்பார்ப்பதில்லை. குழந்தை வாலை இழுக்கும், தட்டில் கை வைக்கும், ஓடும், கத்தும், அதற்குப் பெயர்தான் குழந்தை.

அம்மா பார்க்காமல் விட்டாள் என்பதைக் காட்டிக் குழந்தையின் இழப்பீட்டைக் குறைக்கலாமா என்றால், அதுவும் பொதுவாக நடக்காது. தாயின் தவறைக் குழந்தையின் கணக்கில் எழுதுவதில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் கடமை பெற்றவர்களுக்குக் கண்டிப்பாக உண்டு, ஆனால் அது இருப்பதால் நாய்க்காரரின் கடமை இறங்கிவிடுவதில்லை.

வேலைக்கு இருக்கும் ஆள் நாயை நடக்கக் கூட்டிப்போனபோது கடித்தால், அவரை வேலைக்கு வைத்தவரும் பதில் சொல்ல வேண்டும். வாடகைக்கு இருப்பவரின் நாய் என்றால் வாடகைக்கு இருப்பவர், வீட்டு ஓனர் சாதாரணமாக இதில் வரமாட்டார். தெரு நாய் விஷயம் முற்றிலும் தனி, அது உள்ளாட்சியின் கடமை, 2023-ஆம் ஆண்டு விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள் என்று வேறு வழியில் போகும், இங்கே அதைக் கலக்க வேண்டாம்.

சுருக்கமாக: குழந்தை சீண்டியது, அம்மா கவனிக்கவில்லை, போர்டு இருந்தது, முதல் தடவை என்ற நான்கு சமாதானங்களில் ஒன்று கூட நாயை வைத்திருந்தவரை முழுதாக விடுவிக்காது.

நாயும் குழந்தையும் ஒரே வீட்டில் இருந்தால்

வழக்கு என்று வந்தால்தான் பொறுப்பு என்று நினைக்கிறோம், ஆனால் சிறு குழந்தைகளைக் கடிப்பது பெரும்பாலும் அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்த நாய்தான் என்று பல நாட்டு மருத்துவமனைப் பதிவுகள் காட்டுகின்றன. சொந்த வீட்டு நாய், மாமா வீட்டு நாய், பக்கத்து வீட்டு நாய். இங்கே புகார் கொடுக்க யாரும் போவதில்லை, நாயை எங்கேயாவது தூரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு விஷயத்தை மூடிவிடுகிறார்கள். நாயைக் கைவிடுவதும் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், அடித்துக் கொல்வது அதைவிடப் பெரிய குற்றம்.

"திடீர்னு கடிச்சிடுச்சு" என்று எல்லாரும் சொல்கிறார்கள். திடீரென்று நடப்பது மிகக் குறைவு. கடிப்பதற்கு முன்னால் நாய் படிப்படியாகச் சொல்லிப் பார்க்கும்: முகத்தைத் திருப்பிக்கொள்ளும், தூக்கம் வராதபோது கொட்டாவி விடும், உதட்டை நக்கும், கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும், எழுந்து வேறு இடத்துக்குப் போகும். குழந்தை பின்னாலேயே போனால் உடம்பு விறைத்துப்போகும், அப்புறம் உறுமும். அதையும் யாரும் கேட்கவில்லையென்றால்தான் பல். வால் ஆடுகிறதே, சந்தோஷமாகத்தானே இருக்கிறது என்று நம்ப வேண்டாம், விறைப்பாக மேலே தூக்கி ஆடுகிற வால் பதற்றத்தையும் காட்டும்.

உறுமினால் நாயை அடிக்கிற பழக்கம் நம் வீடுகளில் நிறைய இருக்கிறது. அடி வாங்கிய நாய் அடுத்த தடவை உறுமாது, அந்தப் படியைத் தாண்டி நேராகக் கடிக்கும். உறுமலைக் கேட்டதும் குழந்தையைத் தூக்கிக்கொள்வதுதான் சரி.

சாப்பாட்டு நேரத்தைப் பாருங்கள். சமையலறைப் பின்வாசலில் சோறும் எலும்பும் போட்ட தட்டு, நாய் தலையைக் குனிந்து வேகமாகத் தின்கிறது, தவழ்ந்து வருகிற குழந்தை தட்டின் விளிம்பைப் பிடிக்கிறது, நாய் தின்பதை நிறுத்திவிட்டு வாயைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறது. அந்த அசையாத ஒரு நொடிதான் கடைசி எச்சரிக்கை. பார்க்கிற பெரியவர் அங்கே இருந்தால் ஒன்றும் ஆகாது.

அப்புறம் நம்ம ஊர் வெயில். மே மாதத்தில்தான் பேரப் பிள்ளைகள் லீவுக்கு வருவார்கள், கத்திரி வெயிலும் அப்போதுதான். வருஷம் முழுக்க இரண்டு பேர் மட்டும் இருக்கும் அமைதியான வீட்டில் திடீரென்று நாலு குழந்தைகளின் சத்தம், மொட்டை மாடியில் தகரக் கொட்டகையின் கீழே குட்டைச் சங்கிலியில் கட்டிய நாய், காய்ந்து போன தண்ணீர்க் கிண்ணம். அது ஓடி ஒதுங்கவும் வழியில்லை. ஒரு குழந்தை படியேறிப் போய் அதைக் கட்டிப்பிடிக்கிறது. கடித்த நாயை வெறிபிடித்தது என்கிறோம், ஆனால் அந்தச் சங்கிலியை அங்கே மாட்டியதும் படிக்கட்டுக் கதவைத் திறந்து வைத்ததும் பெரியவர்கள். ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தையையும் நாயையும், எவ்வளவு செல்ல நாயாக இருந்தாலும், பெரியவர் இல்லாமல் ஒரே இடத்தில் விடக்கூடாது. பார்க்க ஆள் இல்லாத நேரத்தில் நடுவில் மூடிய கதவு இருக்க வேண்டும். நாய்க்கும் யாரும் தொந்தரவு செய்யாத நிழலான மூலை ஒன்று வேண்டும்.

இனத்தைத் தடை செய்தால் தீருமா?

2024 மார்ச்சில் மத்திய அரசு 23 நாய் இனங்களின் விற்பனையையும் வளர்ப்பையும் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது, ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பெரிய தாடை உள்ள நாய் கடித்தால் சேதம் அதிகம், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நாட்டு நாயானாலும் பொமரேனியனானாலும் வைத்திருப்பவரின் கடமை ஒன்றுதான், பெரிய நாய்க்குத் தடுப்பு இன்னும் பலமாக இருக்க வேண்டும், அவ்வளவே.

கடித்துவிட்டால் உடனே என்ன?

யார் பொறுப்பு என்ற பேச்சு எல்லாம் அப்புறம். முதலில் காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் வைக்கக்கூடாது. நாய்க்கு ஊசி போட்டிருக்கிறோம் என்று வீட்டுக்காரர் சொன்னாலும் அதை நம்பிச் சும்மா இருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை, முகத்தில் கடி என்றால் ஒரு மணி நேரம் கூடத் தள்ளிப் போடாதீர்கள். தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். இம்யூனோகுளோபுலினுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்குப் போவது நல்லது. முதல் ஊசியோடு நிறுத்தாமல் அட்டையில் எழுதிய எல்லாத் தேதிக்கும் போக வேண்டும். நாயைக் கொல்லாமல் 10 நாள் கட்டி வைத்துக் கவனிக்க வேண்டும், ஆனால் அந்த 10 நாள் முடியட்டும் என்று ஊசிக்குக் காத்திருக்கக் கூடாது.

குழந்தை பத்திரமான பிறகு காகிதங்கள். நாய் கடித்தது என்று மருத்துவமனையில் சொல்லி ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல், வாங்குங்கள். காயத்தைப் படம் எடுங்கள், கேட், தாழ்ப்பாள், சங்கிலி இருந்த நிலையையும் அன்றைக்கே எடுங்கள், ஏனென்றால் அடுத்த நாள் புதுத் தாழ்ப்பாள் வந்திருக்கும். நாய்க்கு உள்ளாட்சி உரிமமும் தடுப்பூசிப் புத்தகமும் இருக்கிறதா என்று கேளுங்கள். காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள், 291-வது பிரிவு போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய பிரிவுதான், ஜாமீனும் கிடைக்கும், அதனால் அக்கம்பக்கத்து மனுஷனை ஜெயிலில் தள்ளிவிட்டோமே என்ற தயக்கம் தேவையில்லை. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக ஏற்பாடு செய்வார்கள், பெண்களும் குழந்தைகளும் வருமானக் கணக்கு இல்லாமலே அதற்குத் தகுதி உள்ளவர்கள். வேலூர்க்காரர்கள் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் போய்க் கேட்கலாம். இப்போது பெற்றவர்களால் வழக்குப் போட முடியாமல் போனாலும், குழந்தைக்கான காலக்கெடு 18 வயது முடிந்த பிறகுதான் ஓட ஆரம்பிக்கும் என்பதால், அந்த ஏ.ஆர். காப்பியையும் பில்களையும் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.